ஜப்பான், கொரியா ஸ்நாக்ஸ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டோக்கியோல இருக்கேன், லீவு கிடைச்சா சியோல், பூசான்னு போயிட்டு வருவேன், ரெண்டு நாட்டுலயும் கடைல கிடைக்கிற ஸ்நாக்ஸ், ஸ்வீட்டெல்லாம் வாங்கி சாப்பிட்டு எப்படி இருந்துச்சுன்னு எழுதுறது வழக்கம். சொந்தக்காரங்க, ஃப்ரெண்ட்ஸ், முகம் தெரியாதவங்கன்னு எல்லாரும் திரும்பத் திரும்ப கேக்குறது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கதான், அதனால மொத்தமா ஒரே இடத்துல எழுதி வெச்சுட்டேன். கேள்விங்க அவங்க கேட்ட மாதிரியே இருக்கு.

அக்கா, நான் இதுவரைக்கும் ஒண்ணுமே சாப்பிட்டதில்ல, எதுல ஆரம்பிக்கட்டும்?

விலை கம்மியா, எந்த கடைலயும் கிடைக்கிறதா எடுத்துக்கோ. ஜப்பான்னா சாக்லேட் தோய்ச்ச குச்சி பிஸ்கெட் போக்கி, அப்புறம் காக்கி நோ தானே, அது பிறை மாதிரி வளைஞ்ச குட்டி அரிசி பிஸ்கெட், சோயா சாஸும் லேசா மிளகாயும் போட்டு வேர்க்கடலையோட கலந்து வரும், நம்ம நாக்குக்கு உடனே செட் ஆகிற ஐட்டம். கொரியான்னா ஓரியன் கம்பெனியோட கோபுக் சிப்ஸ், அதுல கார்ன் சூப் ஃப்ளேவர். சைவம்னா வாங்குறதுக்கு முன்னாடி கீழ அதுக்குன்னு இருக்கிற பதிலைப் படிச்சுட்டுப் போ.

முதல் நாளே பெரிய பெட்டியா ஆர்டர் பண்ண வேணாம். ஜப்பான்ல செவன் இலெவன், ஃபேமிலிமார்ட், லாசன் மாதிரி கடைங்கள்ல சின்ன சின்ன பாக்கெட்டா கிடைக்கும், அதுல நாலஞ்சு வெவ்வேற டைப்பா எடுத்துக்கோ: ஒண்ணு உப்பு, ஒண்ணு சாக்லேட், ஒண்ணு அரிசில செஞ்சது, ஒண்ணு பீன்ஸ் பூரணம் வெச்சது. எந்தப் பக்கம் உனக்கு இழுக்குதுன்னு அதுலயே தெரிஞ்சிடும்.

ஜப்பான் ஸ்வீட்ல இனிப்பே இல்லையே, காசு குடுத்து வாங்கி ஏமாந்த மாதிரி இருக்கு, எல்லாரும் ஏன் புகழ்றாங்க?

பாதி சரி, பாதி இல்ல. கேக், க்ரீம், சாக்லேட் வகையெல்லாம் இங்க இனிப்பு கம்மியாத்தான் செய்வாங்க, ஆனா யோக்கான் சாப்பிட்டுப் பாருங்க, அசுகிங்கிற சின்ன சிவப்பு பீன்ஸை அரைச்ச விழுதும் சக்கரையும் அகர் அகரும் சேத்துக் காய்ச்சி கட்டியாக்கினது, ஒரு துண்டுக்கு மேல போக முடியாத அளவுக்கு இனிக்கும். நாகசாகி காஸ்டெல்லா கேக்கும் அப்படித்தான், 16ஆம் நூற்றாண்டுல போர்ச்சுகீசியர் வழியா வந்தது, அடியில கரையாத பெரிய சக்கரைக் கட்டி நறநறன்னு கடிபடும்.

இன்னொரு விஷயம், வாகாஷின்னு சொல்ற பாரம்பரிய ஸ்வீட்டெல்லாம் தனியா சாப்பிட செஞ்சதில்ல. டீ சடங்குல ஸ்வீட்டை முதல்ல சாப்பிட்டுட்டு அப்புறம்தான் கசப்பான மாச்சா, அதாவது பச்சை டீப்பொடி கலக்கினது, குடிப்பாங்க, வாய்ல தங்கியிருக்கிற இனிப்பு மேல அந்தக் கசப்பு வந்து உக்காரும்போதுதான் ரெண்டுமே முழுசா தெரியும். அதை தனியா கடிச்சுட்டு ஒண்ணுமில்லன்னு எழுதுறது அந்த ஸ்வீட்டுக்கு நியாயமில்ல. எனக்கு இதுல ரொம்ப உறுதியான கருத்து இருக்கு: ஒரு தின்பண்டத்தை எந்த நேரத்துல, எது கூட சாப்பிட செஞ்சாங்களோ அப்படி சாப்பிட்டுட்டுதான் மார்க் போடணும்.

பீன்ஸை ஸ்வீட்ல போடறாங்களாமே, நினைச்சாலே ஒரு மாதிரி இருக்கு, எப்படி சாப்பிடறீங்க?

வெள்ளைக்காரங்க இப்படி கேட்டா புரியுது, நாம கேக்கலாமா? கடலைப்பருப்பு பூரணம் வெச்ச கொழுக்கட்டையும் போளியும் சாப்பிட்டு வளந்தவங்க நாம. அசுகி பீன்ஸ் விழுதும் அதே குடும்பம்தான், ஏலக்காய், தேங்காய் வாசனை மட்டும் இருக்காது, மண்வாசனை மாதிரி ஒரு வாசனை இருக்கும்.

ரெண்டு வகை இருக்கு. சுபுஆன்னா பீன்ஸ் அங்கங்க முழுசா தோலோட நிக்கும், கோஷிஆன்னா தோலை எடுத்து சலிச்சு வழவழன்னு ஆக்கினது. முதல் தடவைன்னா கோஷிஆன் சுலபமா உள்ள போகும், எனக்குப் பிடிச்சது சுபுஆன், அதுலதான் பீன்ஸ் சாப்பிடறோம்னு தெரியுது. மீன் வடிவ தாய்யாக்கி, கொரியால குளிர்காலத்துல ரோட்டோரம் விக்கிற புங்கொப்பாங், ரெண்டுலயும் இந்தப் பூரணம்தான், சூடா கையில வாங்கி அங்கயே நின்னு சாப்பிடணும், ஓரத்துல மாவு மொறுமொறுன்னு இருக்கிறது கொஞ்ச நேரம்தான்.

மோச்சியும் கொரியன் டோக்கும் ஒண்ணுதானே?

ரெண்டும் அரிசில செய்ற மெத்துன்னு இருக்கிற பண்டம், உறவுக்காரங்கதான், ஒண்ணு இல்ல. மோச்சி பிசுபிசுப்பான அரிசியை முழுசா ஆவியில வேகவெச்சு இடிச்சு செய்றது, இழுத்தா நீளமா வரும். கொரியன் டோக்ல நிறைய வகை அரிசியை மாவாக்கி அப்புறம் வேகவைக்கிறது, சாதா அரிசிலயும் செய்வாங்க, அதனால கடிச்சா அறுபடும், இழுபடாது. சூசொக்ங்கிற கொரியன் அறுவடைப் பண்டிகைக்கு செய்ற சொங்ப்யான் அப்படித்தான், அரைநிலா வடிவத்துல உள்ள எள்ளும் சக்கரையும் வெச்சு பைன் ஊசி இலை பரப்பி ஆவியில வேகவெப்பாங்க, அந்த இலை வாசனை லேசா ஏறியிருக்கும். பிசுபிசுப்பா இடிச்சு வறுத்த சோயா மாவுல புரட்டுற இன்ஜொல்மிதான் மோச்சிக்கு கிட்டத்துல வர்றது.

ஒண்ணு முக்கியம், மோச்சியை சின்னதா வெட்டி நல்லா மென்னு சாப்பிடணும். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஜப்பான்ல வயசானவங்க தொண்டைல அடைச்சு ஆஸ்பத்திரிக்குப் போறதும் உயிர் போறதும் நடக்குது, டோக்கியோ தீயணைப்புத் துறை வருஷா வருஷம் எச்சரிக்கை குடுக்குது. ஊர்ல இருக்கிற தாத்தா பாட்டிக்கு ஆசையா குடுக்கும்போது இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

அக்கா டோக் வாங்கி ஃப்ரிட்ஜ்ல வெச்சேன், அடுத்த நாள் கல்லு மாதிரி ஆயிடுச்சு, பழைய சரக்கா குடுத்துட்டாங்களா?

இல்லப்பா, ஃப்ரிட்ஜ்தான் காரணம். வெந்த அரிசில இருக்கிற ஸ்டார்ச் ஆறும்போது திரும்பவும் இறுகும், ஃப்ரிட்ஜ் குளிர்லதான் அது ரொம்ப வேகமா நடக்கும். அன்னிக்கே சாப்பிடலன்னா நேரா ஃப்ரீசர்ல போடு, வேணும்ங்கிறப்ப வெளிய எடுத்து வெச்சா போதும், இல்லன்னா ஆவியில காட்டு, திரும்ப மெத்துன்னு வந்துடும்.

அப்ப கடைல பெட்டில விக்கிற மோச்சி மட்டும் மாசக்கணக்கா எப்படி மெத்துன்னு இருக்குன்னு அடுத்து கேப்ப. அதுல சக்கரை நிறைய சேத்திருப்பாங்க, சக்கரை தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிறதால ஸ்டார்ச் இறுக விடாது. அதனாலதான் அந்தத் தோலே இனிக்குது, புதுசா இடிச்ச மோச்சில அந்த இனிப்பு இருக்காது. பெட்டி மோச்சியை மட்டும் சாப்பிட்டுட்டு மோச்சி இப்படித்தான்னு முடிவு பண்ண வேணாம்.

போக்கிய பாத்து பெப்பேரோவா, பெப்பேரோவ பாத்து போக்கியா?

போக்கி முன்னாடி, ஒசாகா எசாக்கி கிளிக்கோ கம்பெனி 1966ல கொண்டு வந்தது. அதே மாதிரி குச்சி பிஸ்கெட்டான பெப்பேரோ கொரியா லோட்டே, 1983. இதே மாதிரி இறால் சிப்ஸ்ல கால்பியோட காப்பா எபிசென் 1964, நோங்ஷிமோட சேஉக்காங் 1971. கிளிக்கோ அமெரிக்கால லோட்டே மேல கேஸே போட்டுச்சு, 2020ல அப்பீல் கோர்ட், சாக்லேட் படாத நுனிய விட்டிருக்கிறது கையில பிடிச்சு சாப்பிடற வசதிக்காக இருக்கிற வடிவம், அதுக்கு தனி உரிமை கேக்க முடியாதுன்னு சொல்லிடுச்சு.

ஆனா காப்பின்னு சொல்லி ஒதுக்கிடாதீங்க. போக்கில பிஸ்கெட்டுக்கே ஒரு வெண்ணெய் வாசனை உண்டு, பெப்பேரோ குச்சி கொஞ்சம் கெட்டியா டக்குன்னு உடையும், பாதாம் ஒட்டின பெப்பேரோ எனக்கு சாதா போக்கிய விட ஒரு படி மேல. நவம்பர் 11 வந்தா ரெண்டு நாட்டுலயும் இந்தக் குச்சி பிஸ்கெட் நாள்தான், கொரியால அது இன்னும் பெருசு, கடை வாசல்லயே பெட்டி பெட்டியா அடுக்கி வெச்சிருப்பாங்க.

லோட்டே ஜப்பான் கம்பெனியா கொரியன் கம்பெனியா, ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்களே?

ரெண்டும்தான். கொரியால உல்சான் பக்கத்துல பிறந்த ஷின் க்யாக்ஹோங்கிறவர் ஜப்பான் வந்து 1948ல டோக்கியோல சூயிங்கம் கம்பெனியா ஆரம்பிச்சார், 1967ல கொரியால லோட்டே கன்ஃபெக்‌ஷனரி தொடங்கினார். நமக்கும் இதுல ஒரு பங்கு இருக்கு, சென்னை பாரிஸ் கன்ஃபெக்‌ஷனரிய 2004ல வாங்கினது இதே லோட்டேதான், நாம சின்ன வயசுல தின்ன காஃபி பைட் இப்ப அவங்களோடது.

நாங்க சுத்த சைவம்ங்க, முட்டை கூட கிடையாது. எதை நம்பி சாப்பிடறது?

அதிகமா வர்ற கேள்வி, ரொம்ப கவனமா பதில் சொல்ல வேண்டிய கேள்வி. முதல் விஷயம், நம்ம ஊர் பச்சைப் புள்ளி மாதிரி ஒண்ணு ரெண்டு நாட்டுலயும் சட்டப்படி கிடையாது, அதனால படத்தைப் பாத்து முடிவு பண்ணாதீங்க. உருளைக்கிழங்கு சிப்ஸ்ல கோழி சாறு, மாட்டிறைச்சி சாறு கலந்த மசாலாப்பொடி சகஜம், சீஸ் ஃப்ளேவர்னு போட்டிருந்தாலும் உள்ள அது இருக்கலாம். சோயா சாஸ் தடவின அரிசி பிஸ்கெட்ல மீன் சாறு வரும். மார்ஷ்மெல்லோ, கம்மி, புட்டிங் எல்லாத்துலயும் ஜெலட்டின், அது பெரும்பாலும் பன்னி இல்லன்னா மாடு. பிங்க் கலர் ஸ்வீட்ல சில நேரம் பூச்சில இருந்து எடுக்கிற கொச்சினீல் சாயம். ஷார்ட்னிங்னு மட்டும் எழுதியிருந்தா தாவர எண்ணெயா விலங்குக் கொழுப்பான்னு அந்த ஒரு வார்த்தைல தெரியாது, நான் அந்த மாதிரி ஐட்டத்துக்கு சைவம்னு எழுதவே மாட்டேன்.

தைரியமா ஆரம்பிக்கக்கூடியது யோக்கான். பீன்ஸ், சக்கரை, அகர் அகர், அகர் கடல்பாசில இருந்து வர்றது. அப்புறம் உப்பு மட்டும் போட்ட அரிசி பிஸ்கெட், சாதா இன்ஜொல்மி, வறுத்த சோயா மாவும் கருப்பு சக்கரைப் பாகும் ஊத்தி சாப்பிடற வாராபிமோச்சி. இதுலயும் பாக்கெட்டை ஒரு தடவை பாத்துடுங்க. காஸ்டெல்லா, நடுவுல பீன்ஸ் பூரணம் வெச்ச பான்கேக் மாதிரி தொராயாக்கி, ரெண்டும் முட்டை, விட்டுடுங்க.

சோகோ பை கேக்குறவங்களுக்கு: சாக்லேட் பூசின குட்டி கேக், கொரியால ஓரியன் 1974ல கொண்டு வந்தது, நடுவுல மார்ஷ்மெல்லோ, ஜெலட்டின் இருக்கு. வட கொரியா கேசோங் தொழிற்பேட்டைல வேலை பாத்தவங்களுக்கு சம்பளத்துக்கு மேல குடுத்து பேர் வாங்கினதும் இந்த சோகோ பைதான். இந்தியால லோட்டே, ஓரியன் ரெண்டு பேருமே சைவமா மாத்தி செஞ்சு பச்சைப் புள்ளியோட விக்கிறாங்க, அதை சாப்பிடுங்க, கவலையில்ல.

எழுத்தே தெரியாது, பாக்கெட்டை எப்படி படிக்கிறது?

போன் கேமரால மொழிபெயர்ப்பு வெச்சா முக்கால்வாசி புரிஞ்சிடும், ஆனா எங்க பாக்கணும்னு தெரிஞ்சிருக்கணும். ஜப்பான் பாக்கெட்ல பொருட்கள் அதிகமா இருக்கிறதுல இருந்து கம்மியா இருக்கிறது வரைக்கும் வரிசையா வரும், நடுவுல ஒரு சாய்கோடு இருக்கும், அதுக்கு அப்புறம் வர்றதெல்லாம் கலர், எமல்சிஃபையர் மாதிரி சேர்மானங்கள். கண்டிப்பா எழுதியே ஆகணும்ங்கிற அலர்ஜி பொருட்கள்ல முட்டை, பால், கோதுமை, பக்வீட், வேர்க்கடலை, இறால், நண்டு, வால்நட் எல்லாம் வரும். மாடு, பன்னி, கோழி, ஜெலட்டினெல்லாம் அந்த அலர்ஜி பட்டியல்ல கட்டாயம் கிடையாது, முடிஞ்சா எழுதுங்கங்கிற வகைதான். அதனால அலர்ஜி கட்டத்துல இல்ல, அப்ப சைவம்தான்னு நினைச்சிடாதீங்க.

கொரியா இதுல நமக்கு ரொம்ப உதவி. அங்க மாடு, பன்னி, கோழி, கணவாய், கானாங்கெளுத்தி எல்லாமே கட்டாயப் பட்டியல்ல இருக்கு, பொருட்கள் பட்டியலுக்குப் பக்கத்துலயே வேற கலர் கட்டத்துல தனியா போட்டிருப்பாங்க. அதே ஃபேக்டரில வேற எதெல்லாம் செய்றாங்கன்னு ஒரு வரி தனியா வரும், அதைப் பாத்து பயந்துட்டு கேக்குறவங்க நிறைய பேர், அது உள்ள போட்டிருக்குன்னு அர்த்தமில்ல.

ஹலாலா இல்லையான்னு எப்படி தெரிஞ்சுக்கிறது அக்கா? ஸ்வீட்டுன்னா பிரச்சனை இல்லதானே?

ஸ்வீட்லதான் நிறைய பேர் ஏமாந்துடறாங்க தம்பி. மேல சொன்ன ஜெலட்டின் ஒண்ணு, இன்னொண்ணு மது. ஜப்பான்ல சாக்லேட், கேக், க்ரீம்ல ரம், பிராந்தி மாதிரி வாசனைக்கு ஊத்துறது சாதாரணம், லோட்டேவோட ரம்மி, பாக்கஸ்னு குளிர்காலத்துல மட்டும் வர்ற சாக்லேட்ல உள்ளயே மதுதான். கொரியன் யாக்வா இருக்கே, கோதுமை மாவுல நல்லெண்ணெய் பிசறி பொரிச்சு இஞ்சி போட்ட பாகுல ஊற வைக்கிறது, பழைய முறைல அந்த மாவு பிசையவே அரிசி மது சேப்பாங்க.

கொரியன் பாக்கெட்னா கொரியா முஸ்லிம் ஃபெடரேஷன் முத்திரை இருக்கான்னு பாரு. முத்திரை இல்லாததை நான் ஹலால்னு எழுதுறதில்ல, பொருட்கள் பட்டியலை அப்படியே குடுத்துடுவேன், முடிவு உன்னோடது.

தேதி 26.03.05னு போட்டிருக்கு, இது முடிஞ்சு போச்சா?

வருஷம் முதல்ல வரும், 2026 மார்ச் 5. மூணு மாசத்துக்கு மேல தாங்குற பொருள்னா ஜப்பான்ல நாளை விட்டுட்டு வருஷம், மாசம் மட்டும் போடவும் அனுமதி உண்டு.

ஜப்பான்ல தேதி ரெண்டு வகை. சிப்ஸ், பிஸ்கெட்ல இருக்கிறது இந்தத் தேதி வரைக்கும் ருசி நல்லா இருக்கும்ங்கிறது, ஒரு வாரம் தாண்டினா விஷமில்ல. புது மோச்சி, க்ரீம் கேக்ல இருக்கிறது இதுக்கு மேல சாப்பிடாதேங்கிறது, அதுல விளையாட வேணாம். கொரியால 2023 ஜனவரில இருந்து கடைல விக்கலாம்ங்கிற தேதிய மாத்தி எது வரைக்கும் சாப்பிடலாம்ங்கிற தேதியா போடறாங்க, அதனால பழைய வீடியோ பாத்துட்டு தேதிக்கு மேலயும் கொஞ்ச நாள் தாங்கும்னு நினைக்காதீங்க.

கொரியன் ஐட்டம் காரம் காரம்ங்கிறாங்க, ஆந்திரா சாப்பாடே சாப்பிடற நமக்கு இதெல்லாம் சும்மாதானே ப்ரோ?

ப்ரோ இல்ல, அக்கா. காரம்ங்கிறது ஒரே மாதிரி இல்ல. நம்ம காரத்துல மிளகு, மிளகாய், எண்ணெய், புளி எல்லாம் இருக்கும், சாதமோ இட்லியோ அதை வாங்கிக்கும். கொரியன் ஸ்நாக்ஸ் காரம் இனிப்போட வரும், கோச்சுஜாங்ங்கிற கொரியன் மிளகாய் விழுதுல மிளகாய்ப்பொடியோட பிசுபிசுப்பு அரிசியும் சோயாவும் சேத்து புளிக்க வெச்சிருப்பாங்க, முதல்ல நாக்கு நுனியில இனிக்கும், அஞ்சாறு வினாடி கழிச்சு உதட்டுல எரியும். சாதாரண டோக்போக்கி (கார சாஸ்ல வேகவெச்ச டோக்) ஃப்ளேவர் சிப்ஸெல்லாம் நம்மளுக்கு ஒண்ணுமே பண்ணாது.

சம்யாங்கோட புல்டாக் வேற கதை. 2012ல வந்தது, நூடுல்ஸ்தான், இப்ப அதே ஃப்ளேவர்ல ஸ்நாக்ஸும் நிறைய. 2024 ஜூன்ல டென்மார்க் அரசாங்கம் அதுல மூணு வகைய காரம் ஆபத்தான அளவுன்னு சொல்லி கடைல இருந்து எடுக்கச் சொல்லுச்சு, அடுத்த மாசம் ரெண்டை திரும்ப அனுமதிச்சுது. அதுல மிளகாய் சாறை நேரா சேக்குறாங்க, வெறும் வயித்துல வேணாம். பந்தயம் கட்டி சாப்பிடற வீடியோக்கள்ல எனக்கு ஆர்வமே இல்ல, காரம் தாண்டி உள்ள ருசி இருக்கான்னுதான் பாப்பேன், புல்டாக் கார்போனாரால இருக்கு, அதோட பால் பொடி எரிச்சலை இறக்கி பின்னாடி இருக்கிற கோழி மசாலா ருசிய முன்னாடி கொண்டு வருது.

என் பையனுக்கு ஆறு வயசு, கலர் மாறுற மிட்டாய் செட் கேக்குறான், குடுக்கலாமா?

நெருநெருநெருனேதான் கேக்குறான், 1986ல இருந்து இருக்கு, இப்ப க்ராசி கம்பெனி. தட்டுல முதல் பொடிய தண்ணி விட்டு கலக்கினா ஒரு கலர், ரெண்டாவது பொடிய போட்டு கலக்க கலக்க கலர் மாறி நுரைச்சு புஸ்ஸுன்னு பெருசாகும், கரண்டில எடுத்தா பஞ்சு மாதிரி இழுபடும். முதல் பொடில சமையல் சோடா, ரெண்டாவதுல சிட்ரிக் ஆசிட், புளிப்பு பட்டதும் கலர் மாறுற தாவரச் சாயம், அவ்வளவுதான் வித்தை. ருசி சுமார்தான், ஆனா அவன் கையால செஞ்சு சாப்பிடப் போறான், அதுக்கு முழு மார்க் குடுப்பேன்.

குடுக்கவே கூடாதது ஒண்ணு இருக்கு, குட்டிக் கப்புல வர்ற கொன்யாக்கு ஜெல்லி, கொன்யாக்குங்கிறது ஒரு கிழங்கு. வாய்ல கரையாது, வழுக்கிட்டுப் போய் தொண்டைல அடைச்சுக்கும், குழந்தைங்க இறந்திருக்காங்க, ஐரோப்பிய யூனியன் அந்தக் குட்டிக் கப்பு வகைய தடையே பண்ணிடுச்சு. ஜப்பான் பாக்கெட்லயே குழந்தைங்களும் வயசானவங்களும் சாப்பிடக் கூடாதுன்னு படம் போட்டிருக்கும். பெரியவங்க சாப்பிடறதுன்னா பைல இருந்து பிழிஞ்சு குடிக்கிற டைப் இருக்கு.

சகுரா மோச்சில இலை சுத்தியிருக்கே, அதை எடுத்துட்டு சாப்பிடணுமா அப்படியேவா?

ரெண்டும் சரி. அது உப்புல ஊற வெச்ச செர்ரி இலை, இனிப்புக்கு நடுவுல அந்த உப்பும் வாசனையும் நல்லா இருக்கும். டோக்கியோ சுமிதா ஆத்தங்கரைல சோமெய்ஜி கடைல 1717ல இருந்து விக்கிறாங்க, அவங்களே இலைய எடுத்துட்டு வாசனையோட சாப்பிடுங்கன்னுதான் சொல்றாங்க. நான் இலையோட ஒரு கடி, இலை இல்லாம ஒரு கடி. டோக்கியோ பக்கம் மெல்லிசா சுட்ட மாவுத் தோசைல சுத்துவாங்க, ஒசாகா, கியோட்டோ பக்கம் ரவை மாதிரி உடைச்ச பிசுபிசுப்பு அரிசில உருட்டுவாங்க, எனக்கு ஒசாகா பக்கத்து சகுரா மோச்சிதான். மே 5 சமயத்துல வர்ற காஷிவா மோச்சில சுத்தியிருக்கிறது ஓக் இலை, அதை மட்டும் எடுத்துடணும், மெல்லவே முடியாது.

லிமிடெட் எடிஷன்னு போட்டா கண்டிப்பா நல்லா இருக்குமா?

இல்ல. சீசன்ல வர்றது ரெண்டு வகை. ஒண்ணு, அந்த சீசன் பொருளே உள்ள இருக்கிறது, இலையுதிர் காலத்துல செஸ்நட், சக்கரைவள்ளிக்கிழங்கு ஸ்வீட்டெல்லாம், அதைத் தவற விடாதீங்க. இன்னொண்ணு பழைய பிஸ்கெட்டுக்கு புது எசென்ஸும் புது அட்டையும் மட்டும். பொருட்கள் பட்டியல்ல அந்தப் பழமோ கிழங்கோ எத்தனையாவது இடத்துல வருதுன்னு பாருங்க, கடைசில இருந்தா அவசரப்பட்டு வாங்க வேணாம்.

கூட்டத்தைப் பாத்தும் முடிவு பண்ண வேணாம். 2014ல ஹனி பட்டர் சிப்ஸ் வந்தப்ப கொரியா முழுக்க கிடைக்காம அல்லாடினாங்க, வேற பொருளோட சேத்துக் கட்டி வித்த கடையெல்லாம் உண்டு. நல்ல சிப்ஸ்தான், தேனும் வெண்ணெயும் உப்பும் சரியா நிக்கும், ஆனா இன்னிக்கு எந்தக் கடைலயும் சாதாரணமா கிடைக்குது, இன்னிக்கு சாப்பிட்டு எழுதுறதுதான் சரியான ரிவ்யூ.

நீங்க எப்படி டேஸ்ட் பண்ணுவீங்க, சும்மா சாப்பிட்டு நல்லாருக்குன்னு சொல்றதுதானே?

வரிசை முக்கியம். லேசான ருசில ஆரம்பிச்சு உப்பு, அப்புறம் சாக்லேட், காரம் கடைசி. நடுவுல சக்கரை இல்லாத பார்லி டீயோ சுடுதண்ணியோ. பாக்கெட்டைப் பிரிச்சதும் முதல்ல வாசனை, அது அரை நிமிஷத்துல போயிடும். அப்புறம் உடைச்சுப் பாப்பேன், கடிக்கிற சத்தம், எவ்வளவு நேரத்துல கரையுது, முழுங்கினதுக்கு அப்புறம் வாய்ல என்ன மிச்சம் இருக்கு. எண்ணெய்ப் பசை மேலண்ணத்துல ஒட்டிச்சுன்னா எழுதிடுவேன். பாதியை மூடி வெச்சு மறுநாள் திரும்ப சாப்பிடுவேன், முதல் நாள் ஆசைல தெரியாத குறையெல்லாம் அப்பத்தான் தெரியும்.

கோபுக் சிப்ஸையே எடுத்துக்கோங்க. நாலு மெல்லிசான தகடு, நடுவுல காத்து, ஓரம் மட்டும் சேந்திருக்கும். கடிச்சா நாலும் ஒரே சமயத்துல உடையாது, மேல் தகடு முதல்ல, அப்புறம் மத்ததெல்லாம் படபடன்னு, அதனால ஒரே கடில சத்தம் ரெண்டு மூணு தடவை வரும். கார்ன் சூப் பொடி தகடுக்கு நடுவுலயும் போய் தங்கியிருக்கும், மென்ன பிறகுதான் அந்த இனிப்பு வெளிய வரும். நல்லாருக்குன்னு மட்டும் எழுதினா இதுல எது வாங்குறவங்களுக்கு தெரியப் போகுது?

அப்ப 15 யென் உமாய்போவுக்கும் பெரிய கடை வாகாஷிக்கும் ஒரே அளவுகோலா?

கிடையாது, இரண்டாவது பதில்ல சொன்னதுதான் இங்கயும். உமாய்போ குழந்தைங்க பாக்கெட் மணில வாங்குறதுக்காக 1979ல இருந்து வர்ற சோளப் பொரி குழாய், 10 யென்னா பல வருஷம் நின்னுச்சு, 2022ல 12, 2024ல 15 ஆச்சு. அந்தக் காசுக்கு அந்த மொறுமொறுப்பு, அந்த மீன்முட்டைக் கார மசாலா, கையில ஒட்டுற பொடி வரைக்கும் எல்லாம் சரியா இருக்கு, நான் பத்துக்கு ஒன்பது குடுத்திருக்கேன். வாகாஷிக்கு ஆறு குடுத்ததும் உண்டு, பூ வடிவம் அழகா இருந்துச்சு, விழுது வறண்டு போயிருந்துச்சு.

இந்த ரெண்டு மார்க்கையும் பக்கத்துல வெச்சு உமாய்போதான் பெருசான்னு சண்டைக்கு வர்றவங்ககிட்ட சொல்றது: மார்க் அந்தந்த வகைக்குள்ளதான். மெய்ஜியோட காளான் வடிவ பிஸ்கெட்டும் மூங்கில் குருத்து வடிவ பிஸ்கெட்டும் ஒரே வகை, அதுல எதுன்னு சண்டை போடுங்க, ஜப்பானே போடுது. நான் மூங்கில் பக்கம், அந்தக் குக்கி சாக்லேட்டோட சேந்து கரையும்.

ஓசில அனுப்பினா நல்லாத்தானே எழுதுவீங்க?

இலவசமா வந்தா முதல் வரில அதை சொல்லிடுவேன். ஜப்பான்ல 2023 அக்டோபர்ல இருந்து விளம்பரத்தை விளம்பரம்னு தெரியாம எழுத வைக்கிறது சட்டப்படி தப்பு, தண்டனை கம்பெனிக்குத்தான், எழுதுறவங்களுக்கு இல்ல. ஆனா படிக்கிறவங்க காசு என் வார்த்தைய நம்பித்தான் போகுது, அதனால நானும் மறைக்க மாட்டேன். முன்னாடியே எழுதினதைக் காட்டுங்கன்னு கேக்குற கம்பெனிகிட்ட வாங்குறதே இல்ல.

எனக்கு சுத்தமா பிடிக்காத ருசின்னா என்ன எழுதுறது? காஞ்ச கணவாய், உப்புல ஊறின உமே மிட்டாய் எல்லாம் வாய்ல வைக்க முடியல.

பிடிக்கலன்னு எழுது, ஆனா என்ன ருசின்னும் எழுது. உமேங்கிற ஜப்பான் புளிப்புப் பழத்துல செய்ற மிட்டாய் கன்னம் இழுக்கிற அளவுக்கு புளிப்பு, மேல உப்பு, ஜப்பான் வெயில் காலத்துல வேர்த்து வர்றவங்க உப்புக்காக வாய்ல போடறது. இவ்வளவு எழுதினா ஊறுகாய் பிடிச்ச ஒருத்தர் படிச்சுட்டு போய் வாங்கிப்பார். உனக்கு குமட்டுச்சுன்னா அது உன் பழக்கம், பொருள் கெட்டுப் போயிருந்தா அது கடைக்காரர் பிரச்சனை, ரெண்டையும் ஒண்ணா கலக்காதே. அந்த ருசியோட வளந்தவங்க ஒருத்தர்கிட்ட அதுல நல்லது எது சுமார் எதுன்னு கேட்டுட்டு எழுதினா இன்னும் நல்லது.

ஊருக்கு வரும்போது என்ன கொண்டு வரலாம், உருகாம?

ஏப்ரல், மே மாசம் சாக்லேட் வேணாம். உருகி திரும்ப இறுகினா மேல வெள்ளையா படரும், கொக்கோ வெண்ணெய் மேல வந்து நிக்கிறது அது, பூஞ்சை இல்ல, சாப்பிடலாம், ஆனா வாய்ல மெழுகு மாதிரி இருக்கும். டோக்கியோ பனானா கேக், கியோட்டோ நாமா யாட்சுஹாஷிங்கிற மெத்து அரிசி ஸ்வீட் எல்லாம் சில நாள்தான் தாங்கும், கிளம்புற அன்னிக்கு ஏர்போர்ட்ல வாங்குங்க. யோக்கான், அரிசி பிஸ்கெட், காக்கி நோ தானே மாசக்கணக்குல தாங்கும். ஹொக்காய்டோ ஷிரோய் கோய்பிதோ பிஸ்கெட் மாதிரி ஒவ்வொண்ணும் தனித்தனி உறையில இருக்கிற பெட்டின்னா பத்து வீட்டுக்கு பிரிச்சுக் குடுக்க வசதி, அதுலயும் நடுவுல வெள்ளை சாக்லேட், குளிர்காலத்துல மட்டும்.

நான் சென்னைல கிடைக்கிற போக்கியும் சோகோ பையும் சாப்பிட்டு எழுதினா அது ஜப்பான், கொரியா ரிவ்யூவா?

எங்க செஞ்சதுன்னு பின்னாடி பாரு. போக்கி தாய்லாந்துலயும் செய்றாங்க, வெயில் நாடுகளுக்குப் போற சாக்லேட் உருகாம நிக்கிற மாதிரி வேற பக்குவத்துல இருக்கும், ஜப்பான் போக்கி வாய்ல வெச்சதும் கரையும். இந்திய சோகோ பைல மார்ஷ்மெல்லோவே வேறன்னு மேலயே சொல்லிட்டேன், அது கொஞ்சம் கெட்டியா, இழுவை கம்மியா இருக்கும். அதனால எழுது, தாராளமா எழுது, தலைப்புலயே எந்த நாட்டுல செஞ்சது, எந்த ஊர்ல வாங்கினது, எந்த மாசம் சாப்பிட்டதுன்னு போட்டுடு. சென்னைல வாங்கப் போறவங்களுக்கு என் டோக்கியோ ரிவ்யூவ விட அதுதான் உதவும்.